முதல் நாள் கேள்வி

"உங்கட சாச்சாவைக் கொஞ்ச நாளாக் காணல்லையே, எங்க போயிட்டார்?"

நான் தரம் 9இல் படித்துக்கொண்டிருந்தபோது, பாடசாலை விட்டு வரும் வழியில் பக்கத்து வீட்டு மாமி இப்படிக் கேட்டார். "புத்தளத்துக்குப் போயிருக்கிறார் மாமி. பெரியும்மாவுக்குச் சுகமில்லை" என்று சொன்னேன். பெரியும்மா நல்ல சுகத்தோடு இருந்தார். சாச்சாதான் வேறொரு மாவட்டத்தில் விளக்கமறியலில் இருந்தார். யார் கேட்டாலும் "புத்தளத்துக்குப் போயிருக்கிறார்" என்று சொல்ல வேண்டும் என வீட்டில் எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. பெரியும்மாவின் நோயை நானாகவே சேர்த்துக்கொண்டேன். அன்று பின்னேரம் என் உற்ற தோழியிடமும் அதையே சொன்னேன்.

இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு முன்னர் சாச்சாவிடம் அனுமதி கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எழுது மகள். என்ட பேரை மட்டும் போடாத" என்றார். அதனால்தான் எழுதுகிறேன்.

சாச்சா புடவை வியாபாரம் செய்பவர். வெளி மாவட்டங்களுக்குப் போய் வருவார். அவர் கொடுத்த காசோலை ஒன்று வங்கியில் திரும்பியதால் வழக்கு வந்தது. பிணை கிடைக்க 19 நாட்கள் ஆயின. பின்னர் கடனைக் கட்டி முடித்தார். வழக்கும் முடிந்தது. ஆனால் அந்த 19 நாட்களுக்குள் வேறொன்று நடந்துவிட்டது.

சாச்சாவுக்குப் பத்து வருடங்களாக நீரிழிவு. உள்ளே போன மூன்றாம் நாள் அவருடைய செருப்பு காணாமற் போனது. வெறுங்காலோடு நடந்ததில் வலது பாதத்தில் ஏதோ கீறியிருக்கிறது. நீண்ட காலம் நீரிழிவு இருந்தால் பாதத்து நரம்புகள் மரத்துப்போகும். முள் குத்தினாலும் தெரியாது. வலி இல்லாததால் அவர் குனிந்து பார்க்கவில்லை. காலைக் காட்டுங்கள் என்று வேறு யாரும் கேட்கவுமில்லை. வீட்டிலிருந்து கொண்டுபோன குளிசைகள் ஐந்தாம் நாளே முடிந்துவிட்டன. கேட்க வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்.

பிணையில் வந்த இரவு, எல்லோரும் அவரைக் கட்டிப் பிடித்து அழுதுகொண்டிருந்தோம். என் ராத்தா மட்டும் அழவில்லை. அவர் அரச வைத்தியசாலை ஒன்றில் தாதி உத்தியோகத்தர். சாச்சாவைக் கதிரையில் இருத்தி, தானும் நிலத்தில் இருந்துகொண்டு, "சாச்சா, காலைக் காட்டுங்க" என்றார். பெருவிரலும் அடுத்த விரலும் கறுத்துப்போயிருந்தன. இரண்டு கிழமைகளுக்குள் அந்த இரண்டு விரல்களையும் வெட்டி அகற்ற வேண்டியதாயிற்று.

சத்திரசிகிச்சை நடந்த அன்று நானும் ராத்தாவும் வைத்தியசாலை வாங்கில் இருந்தோம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் வந்தன. "சாச்சா ஒரு குற்றமும் செய்யாதவர். அவருக்கு ஏன் ராத்தா இப்பிடி?" என்று கேட்டேன்.

ராத்தா என்னைத் திரும்பிப் பார்த்தார். "குற்றம் செய்தவர் எண்டா விரல் போனது சரியா?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. உண்மையைச் சொல்வதென்றால், அதுவரை நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். உள்ளே இருப்பவர்கள் வேறு, நாங்கள் வேறு என்று. சாச்சா தவறுதலாக அந்தப் பக்கம் போய் வந்தவர் என்று.

பிறகு ராத்தா தன் கதையொன்றைச் சொன்னார். பயிற்சிக் காலத்தில் அவர் வேலை செய்த விடுதியில் ஒரு கைதி அனுமதிக்கப்பட்டிருந்தாராம். ஒரு கை கட்டிலோடு விலங்கிடப்பட்டிருந்தது. பக்கத்தில் இரண்டு காவலர்கள். மற்ற நோயாளிகளோடு பேசிச் சிரித்து மருந்து கட்டும் தாதியர் எல்லோரும், அந்தக் கட்டிலுக்கு வந்ததும் பேசாமல் வேலையை முடித்துவிட்டு நகர்ந்து விடுவார்கள். "நானும் அப்பிடித்தான் செய்தன். அவர் பேர் என்னெண்டு கூட நான் கேக்கல்ல. சாச்சாட காலைக் கண்டவுடன அவரைத்தான் நினைச்சன்" என்றார் ராத்தா.

அந்த வருடத்திலிருந்து ராத்தா கிடைத்த நேரமெல்லாம் சிறைச் சுகாதாரம் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினார். நான் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் சேர்ந்த பிறகு, அவர் படித்தவற்றை எனக்கும் சொல்லித் தந்தார். சிறையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பாடசாலைச் சுற்றுலாவில் தூரத்திலிருந்து கண்ட ஹமன்கீல் கடற்கோட்டை மட்டுந்தான். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் கடலுக்குள் நிற்கும் அந்தக் கோட்டை ஒரு காலத்தில் சிறையாக இருந்தது. 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின்னர் அங்கே ஆட்களை அடைத்து வைத்திருந்தார்கள். இன்று அது கடற்படை நடத்தும் உல்லாச விடுதி. சுற்றிலும் தண்ணீர் இருந்ததால் எவரும் தப்பிப் போக முடியாது என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அங்கே இருந்தவருக்கு நடுச்சாமத்தில் காய்ச்சல் வந்தால் என்ன செய்திருப்பார் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் கேள்விக்கு உலகம் எழுதி வைத்திருக்கும் பதில் ஒன்று உண்டு. கைதிகளை நடத்துவதற்கான அடிப்படை விதிகளை 1955இல் ஜெனீவாவில் கூடிய மாநாடு வகுத்தது. 2015 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அவற்றைத் திருத்தி ஏற்றுக்கொண்டு, 27 வருடங்கள் சிறையில் இருந்த நெல்சன் மண்டேலாவின் பெயரைச் சூட்டியது. மொத்தம் 122 விதிகள். அவற்றில் 24 முதல் 35 வரையானவை சுகாதாரம் பற்றியவை. கைதிகளின் மருத்துவம் அரசின் பொறுப்பு, வெளியே உள்ள மக்களுக்குக் கிடைக்கும் அதே தரத்தில் அது உள்ளேயும் கிடைக்க வேண்டும் என்கிறது 24ஆம் விதி. மருத்துவ முடிவுகளை மருத்துவம் படித்தவர்களே எடுக்க வேண்டும், சிறை அதிகாரிகள் அவற்றை மாற்றக்கூடாது என்கிறது 27ஆம் விதி. புதிதாக வரும் ஒவ்வொருவரையும் மருத்துவரோ தகுதி பெற்ற வேறு சுகாதாரப் பணியாளரோ இயன்ற விரைவில் கண்டு, பேசி, பரிசோதிக்க வேண்டும் என்கிறது 30ஆம் விதி.

இந்த 30ஆம் விதியைத்தான் ராத்தா "முதல் நாள் கேள்வி" என்று சொல்வார். உங்களுக்கு நீரிழிவு இருக்கிறதா? ஆஸ்துமா, வலிப்பு? என்ன மருந்து எடுக்கிறீர்கள்? எத்தனை நாளாக இருமல்? பெண் என்றால், பிள்ளை வயிற்றில் இருக்கிறதா? போதைப்பொருள் பழக்கம் உண்டா? அதை நிறுத்தினால் உடல் எப்படி நடுங்கும் என்று தெரியுமா? உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததா? கேட்டு எழுத அரை மணித்தியாலம் போதும். அந்த அரை மணித்தியாலம் கிடைத்திருந்தால் என் சாச்சா இன்று பள்ளிவாசலுக்கு ஊன்றுகோல் இல்லாமல் நடந்து போவார்.

மண்டேலாவும் ஒரு நோயாளிக் கைதிதான் என்று எனக்கு அதுவரை தெரியாது. 1988இல் போல்ஸ்மூர் சிறையில் இருந்தபோது அவருக்குக் காசநோய் கண்டது. கேப் டவுனில் உள்ள டைகர்பேர்க் வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை அளித்துக் குணப்படுத்தினார்கள். அந்த நோய் கவனிக்கப்படாமல் போயிருந்தால் தென்னாபிரிக்காவின் வரலாறு வேறாக இருந்திருக்கும். நெரிசலும் காற்றோட்டமின்மையும் உள்ள இடத்தில் காசநோய் வேகமாகப் பரவும். அதனால் உலகெங்கும் பொதுமக்களைவிடக் கைதிகளுக்கு அது பல மடங்கு அதிகம். கைதி ஒரு நாள் வீடு திரும்புவார். சிறைக்காவலர் ஒவ்வொரு நாளும் வீடு திரும்புவார். உள்ளே உள்ள நோயும் அவர்களோடு சேர்ந்து வெளியே வரும். எனவே சிறையைச் சுகமாக வைத்திருப்பது ஊரைச் சுகமாக வைத்திருப்பதுதான்.

நம் நாட்டில் இது புதிய விடயமல்ல. 1877ஆம் ஆண்டின் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டமே சிறைகளுக்கான வைத்திய அதிகாரியைப் பற்றிப் பேசுகிறது. 1841இல் கட்டப்பட்ட வெலிக்கடையில் சிறைச்சாலை வைத்தியசாலை ஒன்றும் இருக்கிறது. ஆனால் கட்டியபோது நினைத்ததைவிட மிக அதிகமான ஆட்கள் இன்று நம் சிறைகளில் இருக்கிறார்கள். தீர்ப்புக் கிடைக்காமல் விளக்கமறியலில் இருப்பவர்களும், தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் உள்ளே போனவர்களும் அவர்களில் அடக்கம். 2020 நவம்பரில், கொரோனா அச்சம் பரவியிருந்த நாட்களில், மஹர சிறைச்சாலையில் கலவரம் மூண்டு 11 கைதிகள் உயிரிழந்தார்கள். அந்தச் செய்தி தொலைக்காட்சியில் போனபோது நாங்கள் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். யாரோ அலைவரிசையை மாற்றினார்கள். அப்போது சாச்சா உள்ளே போயிருக்கவில்லை.

சென்ற வருடம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், ராத்தா வாப்பாவிடம் தன் விருப்பத்தைச் சொன்னார். திறந்த பல்கலைக்கழகத்தில் அவர் படித்துவந்த தாதியியல் பட்டம் அப்போது முடியும் தறுவாயில் இருந்தது. அடுத்ததாக, வெளிநாட்டுப் புலமைப்பரிசில் ஒன்றுக்கு விண்ணப்பித்து, சிறைச் சுகாதாரத்தில் முதுமாணிப் படிப்புப் படிக்க வேண்டும் என்றார்.

வீடு இரண்டு நாட்கள் அமைதியாக இருந்தது. பிறகு ஒவ்வொருவராகப் பேசத் தொடங்கினார்கள்.

"உனக்கு 28 வயசாகுது. வாற சம்பந்தக்காரருக்கு நான் என்னெண்டு சொல்றது? பிள்ளை மறியல்ல வேலை செய்யப் படிக்குது எண்டா?" என்று உம்மா கேட்டார். மஹ்ரம் துணையில்லாமல் அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது என்பதும் உம்மாவின் கவலை.

வாப்பாவின் கேள்வி வேறு. "நேர்ஸ்தானே மகள் நீங்க. மருந்து குடுக்கிறதும் காயம் கட்டுறதும் எங்கயும் ஒண்டுதானே. அதுக்கேன் இன்னொரு பட்டம்?"

வாப்பாவின் கேள்விக்கு ராத்தா சொன்ன பதில்தான் எனக்கு இந்தத் துறையைப் புரிய வைத்தது. வைத்தியசாலை நோயாளிக்கு அங்கே பிடிக்காவிட்டால் வேறு இடத்துக்குப் போகலாம். கைதிக்கு அது முடியாது. தன் மருந்தைத் தானே வைத்திருக்கவும் பெரும்பாலும் விடமாட்டார்கள். ஒரு குளிசையை அவர் விழுங்கினாரா, பறிகொடுத்தாரா, சேர்த்து வைக்கிறாரா என்று தாதி பார்க்க வேண்டும். வலி என்று சொல்பவர் உண்மையில் வலியால் துடிக்கிறாரா, அறையை விட்டு வெளியே வரச் சொல்கிறாரா என்று அவமதிக்காமல் கண்டறிய வேண்டும். நோயாளி தன்னிடம் சொன்ன இரகசியத்தைக் காவலர் கேட்டாலும் காக்க வேண்டும். அதே நேரம் காவலரின் ஒத்துழைப்பு இல்லாமல் ஒரு கதவும் திறக்காது. விடுதலையாகிப் போகிறவரின் மருந்து மறுநாள் அவருடைய ஊர்க் கிளினிக்கில் கிடைக்க வழி செய்ய வேண்டும். இவையெல்லாம் சாதாரண விடுதியில் பழகி வருபவை அல்ல.

"வாப்பா, நான் தனிய ஒரு சிறையில நிண்டா ஒரு நாளைக்கு முப்பது பேரைப் பார்ப்பன். ஆனா முதல் நாள் என்ன கேக்கோணும், எப்பிடி எழுதோணும், மற்ற நேர்ஸ்மாருக்கு எப்பிடிப் பழக்கோணும் எண்டு படிச்சு வந்தா, அந்தப் படிவம் எல்லா மறியலுக்கும் போகும்" என்றார் ராத்தா.

மற்ற நாடுகள் இதை எப்படிச் செய்தன என்றும் சொன்னார். நோர்வே 1988இலேயே சிறைகளின் மருத்துவத்தைப் பொதுச் சுகாதார சேவையிடம் கொடுத்துவிட்டது. இங்கிலாந்தில் சிறைகளுக்கெனத் தனியாக இருந்த மருத்துவ சேவை படிப்படியாக மாற்றப்பட்டு, 2006இல் தேசிய சுகாதார சேவையின் பொறுப்புக்கு முழுமையாக வந்தது. ஸ்கொட்லாந்தில் 2011இல் அவ்வாறு நடந்தது. உள்ளே உள்ள நோயாளிக்கும் வெளியே உள்ள நோயாளிக்கும் பொறுப்பு ஒரே சேவைதான் என்று ஆனதும், சிறைத் தாதியம் தனியொரு துறையாக வளர்ந்தது. அமெரிக்காவில் 1976இல் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், கைதியின் கடுமையான நோயைத் தெரிந்தும் கவனிக்காமல் விடுவது அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அதன் பின்னர் அங்கும் இத்துறை வேரூன்றியது.

எங்கள் வாசகியரில் தாதியாக விரும்பும் தோழிகள் இருப்பீர்கள். உங்களுக்காகப் புலமைப்பரிசில்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரித்தானிய அரசின் செவ்னிங் புலமைப்பரிசில் 1983இல் தொடங்கப்பட்டது. ஒரு வருட முதுமாணிப் படிப்புக்கான கட்டணம், மாதாந்தச் செலவு, பயணச் செலவு எல்லாவற்றையும் அது ஏற்கிறது. பட்டமும் இரண்டு வருட வேலை அனுபவமும் வேண்டும். வேலை அனுபவத்தை 2800 மணித்தியாலங்களாகக் கணக்கிடுகிறார்கள். விண்ணப்பத்தில் மூன்று பாடநெறிகளைத் தெரிவு செய்ய வேண்டும். படித்து முடித்ததும் நாடு திரும்பி இரண்டு வருடங்களாவது இங்கே இருக்க வேண்டும். 1959இல் உருவான பொதுநலவாயப் புலமைப்பரிசில் திட்டத்தில், சொந்த நாட்டில் வேலை செய்துகொண்டே பிரித்தானியப் பல்கலைக்கழகமொன்றில் தொலைக்கல்வி மூலம் முதுமாணிப் பட்டம் பெறும் வகையும் உண்டு. இவை சிறைத் தாதியருக்கென்று தனியாக ஒதுக்கப்பட்டவை அல்ல. பொதுச் சுகாதாரத்தையோ தாதியத்தையோ பாடமாக எடுத்து, ஆய்வுக் கட்டுரையைச் சிறைச் சுகாதாரத்தில் எழுதலாம். நான் ஏன் இதைப் படிக்க வேண்டும், படித்து வந்து என் நாட்டில் என்ன செய்வேன் என்பதை விண்ணப்பதாரியே எழுதி நம்ப வைக்க வேண்டும்.

ராத்தா அந்த விண்ணப்பக் கட்டுரையை எங்கள் குசினி மேசையில் இருந்து எழுதினார். அவருடைய ஆங்கிலத்தில் எழுத்துப் பிழை பார்ப்பது என் வேலை. ஒரு நீரிழிவு நோயாளியின் பாதத்தைப் பற்றிய பந்தி வந்தபோது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதில் சாச்சா என்று எழுதியிருக்கவில்லை. ஒரு கைதி என்றுதான் எழுதியிருந்தார்.

வீட்டில் பேச்சு மாறியது அடுத்த கிழமை, சாச்சா வந்திருந்தபோது. உம்மா தன் கவலையைச் சாச்சாவிடம் சொல்லி, "நீங்களாவது பிள்ளைக்குச் சொல்லுங்க" என்றார். சாச்சா ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு இருந்தார். நாங்கள் அவருக்கு முன்னால் மறியல் என்ற சொல்லைச் சொல்வதே இல்லை. அன்று அவரே சொன்னார்.

"மச்சி, மறியல்ல என்னை ஒருத்தரும் அடிக்கல்ல. ஒருத்தரும் ஒண்டும் கேக்கவும் இல்ல. என்னோட ஒரு வயசாளி இருந்தார். ராவு முழுக்க இருமுவார். நாங்க எல்லாரும் மற்றப் பக்கம் திரும்பிப் படுப்பம். இந்தப் பிள்ளை மாதிரி ஒண்டு வந்து, 'என்ன வாப்பா, எத்தினை நாளா இருமல்?' எண்டு கேட்டிருந்தா, அந்த மனிசன் அழுதிருப்பார்."

வாப்பா எதுவும் சொல்லவில்லை. எழுந்து முற்றத்துக்குப் போய் நின்றார். வாப்பா என்ன நினைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தக் கதையை அவர் எங்களுக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டபோது வாப்பாவுக்கு என் வயது, 17. புத்தளத்து முகாமில் மூத்தம்மாவின் காலில் புண் வந்து புழு வைக்கும் நிலைக்குப் போனது. கிழமைக்கு இரண்டு தடவை ஒரு சிங்களத் தாதி வந்து, ஓலைக் கொட்டிலுக்குள் குனிந்து நுழைந்து, அதைக் கழுவிக் கட்டிவிட்டுப் போவாராம். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. மூத்தம்மா ஒவ்வொரு தடவையும் அவருடைய தலையைத் தடவி துஆ செய்து அனுப்புவாராம். நாங்கள் அன்று எல்லாவற்றையும் இழந்தவர்களாக நின்றோம். எங்கள் காயத்தைப் பார்க்க ஒருவர் குனிந்து வந்தார்.

அன்றிரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு வாப்பா ராத்தாவைக் கூப்பிட்டார். "முதல்ல இங்கயிருந்தே படிக்கிற புலமைப்பரிசிலுக்குப் போடுங்க. அது கிடைக்காட்டி மற்றதைப் பற்றி யோசிப்பம்" என்றார். உம்மாவின் முகம் முழுவதும் தெளியவில்லை. ஆனால் மறுநாள் விண்ணப்பத்துக்குத் தேவையான தராதரப் பத்திரங்களை இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தது உம்மாதான்.

மார்க்கத்தில் இதற்கு இடம் உண்டா என்று கேட்பவர்களுக்கு நான் படித்தவற்றைச் சொல்கிறேன். திருக்குர்ஆனில் சூரத்துல் இன்ஸான், அல்லாஹ்வின் நேசத்துக்காக உணவளிப்போரைப் பற்றிக் கூறும்போது ஏழையையும் அநாதையையும் மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. சிறைப்பட்டவரையும் சேர்த்துச் சொல்கிறது. யூஸுப் நபி (அலை) அவர்கள் செய்யாத குற்றத்துக்காகச் சிறையில் இருந்த வரலாறு நம் பிள்ளைகள் சிறு வயதிலேயே கேட்பது. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் ருபைதா (ரழி) என்ற பெண்மணி மதீனாப் பள்ளிவாசலில் கூடாரம் அமைத்துக் காயப்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்தார். அகழ்ப்போரில் காயமடைந்த ஸஃது இப்னு முஆத் (ரழி) அவர்கள் அந்தக் கூடாரத்துக்குத்தான் அனுப்பப்பட்டார்கள். நம் சமூகத்தில் தாதியத்தின் வரலாறு ஒரு பெண்ணின் கூடாரத்திலிருந்து தொடங்குகிறது.

இன்னொன்றையும் பெற்றோர்கள் யோசிக்க வேண்டும். சிறைகளில் பெண்களும் இருக்கிறார்கள். கர்ப்பிணிகள் இருக்கிறார்கள். தாயோடு உள்ளே வளரும் குழந்தைகள் இருக்கிறார்கள். 2010இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட பாங்கொக் விதிகள், பெண் கைதி ஒருவர் பெண் மருத்துவரோ பெண் தாதியோ தன்னைப் பரிசோதிக்க வேண்டும் என்று கேட்டால் இயன்றவரை அதற்கு வழி செய்ய வேண்டும் என்கின்றன. பிரசவ வேளையில் பெண்ணுக்கு விலங்கிடக் கூடாது என்கின்றன மண்டேலா விதிகள். நம் வீட்டுப் பெண்கள் வைத்தியசாலைக்குப் போனால் பெண் வைத்தியரைத்தானே முதலில் தேடுகிறோம்? 1898இல் இணுவிலில் பெண்களுக்கென்று மக்லியொட் வைத்தியசாலை தொடங்கப்பட்டதும் இந்தத் தேவையால்தான். ஆண் மருத்துவரிடம் போகத் தயங்கிய யாழ்ப்பாணத்துப் பெண்கள் அங்கே போனார்கள். பெண்ணுக்குப் பெண் வேண்டும் என்று நாம் கேட்கும் உரிமை சிறை வாசலோடு முடிந்துவிடுவதில்லை. அப்படியானால் அங்கே போக யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை படித்திருக்க வேண்டும். அது ஏன் எங்கள் வீட்டுப் பிள்ளையாக இருக்கக் கூடாது?

ராத்தாவுக்கு முதல் தடவை கிடைக்கவில்லை. தெரிவாகவில்லை என்ற மின்னஞ்சல் வந்த அன்று அவர் இரவுக் கடமைக்குப் போயிருந்தார். காலையில் வந்து வாசித்துவிட்டு, முகம் கழுவி, சுபஹ் களாத் தொழுதுவிட்டுப் படுத்தார். பின்னேரம் எழும்பியதும் பழைய விண்ணப்பத்தை எடுத்து, "இதில எங்க பிழை விட்டிருக்கிறன் எண்டு பார்" என்று என்னிடம் தந்தார். வாசித்துப் பார்த்தேன். ராத்தா செய்யப்போவதெல்லாம் அதில் இருந்தது. செய்துகொண்டிருப்பது ஒன்றும் இல்லை. இப்போது, தான் வேலை செய்யும் விடுதிக்கு ஒரு கைதி வந்தால், முதல் நாளே அவருடைய பெயரைக் கேட்டு, பாதம் வரை பார்த்து, போகும்போது மருந்து விபரத்தைத் தெளிவாக எழுதிக் கொடுத்து அனுப்புகிறார். மற்றத் தாதியர் இருவரும் அவரைப் பார்த்து அப்படியே செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். இவ்வருட விண்ணப்பத்தில் அதையும் எழுதியிருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை.

எனக்கும் ஒரு வேலை பாக்கி இருந்தது. சென்ற மாதம், மேலதிக வகுப்பு முடிந்து வரும் வழியில், என் தோழியிடம் சாச்சாவைப் பற்றிய உண்மையைச் சொன்னேன். தரம் 9இல் நான் சொன்னது பொய் என்றும் சொன்னேன். அவள் கோபிப்பாள் என்று நினைத்தேன். சைக்கிளை நிறுத்திவிட்டு, "இப்ப சாச்சாட கால் எப்பிடி?" என்று கேட்டாள். இவ்வளவு காலமும் வெளியாட்கள் ஒருவரும் எங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கேட்க நாங்கள் இடம் கொடுக்கவுமில்லை.

அன்பான தோழிகளே, உயர்தரப் பரீட்சைக்குப் பிறகு நீங்கள் தாதியாகலாம், வைத்தியராகலாம், சட்டத்தரணியாகலாம். உங்களுக்கு முன்னால் விலங்கோடு ஒருவர் கொண்டுவரப்படும் நாள் வரலாம். அவர் என்ன செய்தார் என்று கேட்க நீதிமன்றம் இருக்கிறது. உங்களுக்கு என்ன செய்கிறது என்று கேட்க நீங்கள் இருக்க வேண்டும். நானும் தாதியியல் பட்டப்படிப்புக்குத்தான் விண்ணப்பிக்க இருக்கிறேன், இன்ஷா அல்லாஹ். உம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தச் சஞ்சிகை வீட்டுக்கு வரும்போது வாசித்துத் தெரிந்துகொள்வார்.